பட்டில் எழுதிய மூலநோய்க் குறிப்பு

வந்தவாசி வட்டத்திலிருக்கும் தேசூரின் பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. ஆரணிப் பட்டு என்றால் தெரியும். அந்தப் பெயரில் கடைகளில் விற்கும் சேலைகள் எல்லாமே ஆரணியில் நெய்தவை அல்ல. தேசூர் போன்ற சுற்றுப்புற ஊர்களின் குழித்தறிகளும் அதில் சேர்ந்தவை. என் பெரியப்பா அப்படியொரு தறிக்குழியில் கால்களை இறக்கி நாற்பது ஆண்டுகள் உட்கார்ந்தவர். அவர் வீட்டுக் கிணற்றடியில் ஒரு துத்திச் செடி எப்போதும் இருக்கும். அதன் இலையைப் பறித்து விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டுவதும், பருப்போடு கடைந்து உண்பதும் அந்தத் தெருவில் யாரும் கேள்வி கேட்காத வழக்கம். எதற்காக என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "உஷ்ணம்" என்பார்கள்.

மூலநோயின் வரலாற்றை எழுதுகிறவனுக்கு முதல் இடையூறு இந்த மௌனந்தான். காய்ச்சலைப் பற்றியும் அம்மையைப் பற்றியும் பேசிய அளவுக்கு நம் மக்கள் இதைப் பற்றிப் பேசியதில்லை. மருத்துவ நூல்கள் பேசியிருக்கின்றன, பேருந்து நிலையச் சுவர்களும் பேசுகின்றன. இரண்டுக்கும் நடுவில் நோயாளி வாய்மூடி நிற்கிறான்.

சீனத்துக் கதையிலிருந்து தொடங்குகிறேன். நெசவூரைப் பற்றி எழுதும்போது அங்கிருந்து தொடங்குவதே பொருத்தம் என்பது போகப்போக விளங்கும்.

1972-ஆம் ஆண்டு ஹூனான் மாகாணத்தின் சாங்ஷா நகருக்கருகில், மாவாங்துய் என்ற இடத்தில், ஹான் பேரரசுக் காலத்துக் கல்லறையொன்றைத் தோண்டினார்கள். தாய் நாட்டுப் பிரபுவின் மனைவியினுடைய கல்லறை அது. அதில் கிடைத்த மெல்லிய பட்டு மேலாடையின் எடை 50 கிராமுக்கும் குறைவு. (இதை ஒருமுறை பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. "ஜரிகை இருக்காது" என்று மட்டும் சொன்னார். சரிதான், இல்லை.) அடுத்த ஆண்டு அதே இடத்தில் மூன்றாம் கல்லறையைத் திறந்தபோது அரக்குப் பெட்டிக்குள் மடித்துவைத்த பட்டுத்துணிகள் கிடைத்தன. அவற்றில் எழுத்துகள் இருந்தன. கி.மு. 168-இல் புதைக்கப்பட்டவை. அவற்றுள் ஒன்றை இன்று 'ஐம்பத்திரண்டு நோய்களுக்கான மருந்துமுறைகள்' என்று அழைக்கிறார்கள். சுமார் 280 மருந்துமுறைகள் கொண்ட அந்தத் துணி, மூலநோய்க்குத் தாராளமாகவே இடம் ஒதுக்கியிருக்கிறது.

ஆண் மூலம், பெண் மூலம், நாள மூலம், இரத்த மூலம் என நான்கு வகை. வெளியே துருத்தி நிற்பதைச் சிறிய கயிற்றால் கட்டிக் கத்தியால் நீக்கு என்கிறது ஓரிடம். இன்னோரிடத்தில் உள்ள முறை விசித்திரமானது. நாயின் சிறுநீர்ப்பையை எடுத்து மூங்கில் குழாயில் மாட்டி, ஆசனவாய்க்குள் செலுத்தி, ஊதிப் பெருக்கி, மெல்ல வெளியே இழுக்க வேண்டும். கூடவே வெளிப்படும் மூலத்தைக் கத்தியால் அறுத்துவிட்டு, ஹுவாங்சின் என்ற வேரை அரைத்துப் பூச வேண்டும். வெளியே வந்தது உள்ளே திரும்பாவிட்டால் கொழுப்பைத் தடவி, ஆளைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, நெஞ்சிலும் வயிற்றிலும் குளிர்ந்த நீரைத் தெளி என்றும் சொல்கிறது. படிக்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் எழுதியவன் தன் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறான் என்பதில் எனக்கு ஐயமில்லை. கற்பனையில் பிறந்த வைத்தியம் இவ்வளவு சிக்கல்படாது.

அந்த ஹுவாங்சின் வேர் பிறகும் விடவில்லை. சோங் பேரரசின் அரசு மருந்தகம் தொகுத்த மருந்து நூலில் வரும் சோஃபோராக்காய் மாத்திரையில் ஆறு சரக்குகள். அவற்றுள் அதுவும் ஒன்று. அந்த மாத்திரை இன்றைக்கும் சீனத்தில் விற்பனையாகிறது. ஒரு வேர், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக, ஒரே நோய்க்கு. இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா என்று கேட்கத் தோன்றும். வேண்டும் என்பதே என் பதில். ஆனால் அதற்கு முன் நம் ஊருக்கு வருவோம்.

*

சுசுருத சங்கிதை மூலநோய்க்கு நான்கு வழிகளைச் சொல்கிறது: மருந்து, காரம், சூடு, கத்தி. நோயின் நிலை பார்த்து இவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். சித்த மருத்துவத்தில் யூகி வைத்திய சிந்தாமணி மூலத்தை 21 வகையாகப் பிரிக்கிறது. இத்தனை பிரிவுகளில் எத்தனை இன்றைய கண்ணுக்கு வெவ்வேறு நோய்களாகத் தோன்றும் என்பது வேறு விஷயம். மலவாய்ப் பகுதியில் இரத்தமோ சீழோ சதையோ வெளிப்படும் எதையும் மூலம் என்ற ஒரு சொல்லின்கீழ்க் கொண்டுவந்த காலம் அது. இந்தச் சொல்லின் அகலம் முக்கியமானது. பின்னால் இதற்கே திரும்ப வருவேன்.

மருந்துச் சரக்குகளைப் பார்த்தால் துத்தி, பிரண்டை, கருணைக்கிழங்கு, கடுக்காய், மாசிக்காய், படிகாரம், நாயுருவிச் சாம்பல் என்று பட்டியல் நீளும். இவற்றுள் கடுக்காயும் மாசிக்காயும் படிகாரமும் சாயக்காரர்களின் சரக்குகளும்கூட. நூலில் சாயம் பிடித்து நிற்பதற்காக, செயற்கைச் சாயங்கள் வருவதற்கு முன், இவற்றில்தான் நூலை ஊறவைப்பார்கள். துவர்ப்பு நூலையும் பிடிக்கும், சதையையும் சுருக்கும். சாயப்பட்டறையும் வைத்தியசாலையும் ஒரே நாட்டு மருந்துக்கடையில் சரக்கு வாங்கியது தற்செயல் அல்ல என்றே எண்ணுகிறேன்.

இதே துவர்ப்புச் சரக்குகள் சீனத்தில் வேறொரு பாதையில் போயின. அங்கே 13-ஆம் நூற்றாண்டிலிருந்தே பாஷாணம் கலந்த பொடியைத் தடவி மூலத்தைக் கருகி உதிரச் செய்யும் முறை இருந்தது. வேலை செய்யும், சில சமயம் ஆளையும் கொல்லும். 1970-களில் பெய்ஜிங் மருத்துவர் ஷி சாவ்ச்சி, பாஷாணத்தை விட்டுவிட்டுத் துவர்ப்புச் சரக்கு சுருக்கும் என்ற பழைய விதியை எடுத்துக்கொண்டார். படிகாரமும், மாசிக்காய் போன்ற பித்தக்காய்களில் கிடைக்கும் டானிக் அமிலமும் சேர்ந்த ஊசிமருந்தை உருவாக்கினார். சியாவ்சிலிங் என்பது அதன் பெயர். ஜப்பானியர் அதைத் தங்கள் முறைப்படி சோதித்துத் திருத்தி, 2005 முதல் தங்கள் நாட்டில் பயன்படுத்தத் தொடங்கினர். அறுவைக்குப் பதிலாக அங்கே இன்று பரவலாகக் கையாளப்படும் சிகிச்சை அது. மரபிலிருந்து ஒரு கருத்தை எடுத்து, அளவு குறித்து, தீங்கு பார்த்து, தோற்றால் தோற்றது என்று ஒப்புக்கொள்ளும் துணிவோடு சோதித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

*

நம் மாகாணத்தில் அப்படிச் சோதிக்கும் முயற்சி நடக்காமல் இல்லை. 1918-இல் சென்னை அரசாங்கம் டாக்டர் எம். சி. கோமன் என்பவரை நாட்டு மருந்துகளை ஆராயுமாறு நியமித்தது. அவர் மேற்கத்திய முறையில் பயின்றவர். சென்னைப் பொது மருத்துவமனையின் நோயாளிகளுக்கு நாட்டு மருந்துகளைக் கொடுத்துப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். அவற்றின் தொனி பெரும்பாலும் அலட்சியமானது. வைத்தியர்கள் கொதித்தெழுந்தனர். நோயாளியின் உடல்வாகு பாராமல், துணைமருந்தும் பத்தியமும் இல்லாமல், சரக்கைத் தனியே எடுத்துக் கொடுத்தால் அது எங்கள் மருந்தே அல்ல என்று மறுப்பு அச்சிட்டார்கள்.

இந்த மறுப்பை இன்றைய விஞ்ஞான ஆர்வலர்கள் சப்பைக்கட்டு என்று ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு அவ்வளவு எளிதாக ஒதுக்க முடியவில்லை. கோமன் செய்ததும் முழுமையான சோதனை அல்ல. ஒப்பிட்டுப் பார்க்க மருந்து தராத இன்னொரு குழு என்ற எண்ணம் அந்நாளில் மேற்கிலேயே வேரூன்றவில்லை. அவரும் பார்த்து மனத்தில் பட்டதைத்தான் எழுதினார், வைத்தியர்களைப் போலவே. வேறுபாடு, அவர் கையில் அரசாங்க முத்திரை இருந்தது.

1921-இல் முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அது வைத்தியர்களிடமே கேள்வித்தாள் அனுப்பி, எழுத்திலும் நேரிலும் அவர்கள் சொன்னதைப் பதிவு செய்து, 1923-இல் அறிக்கை தந்தது. அதன் பயனாக 1925-இல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியது. உஸ்மான் குழுவின் செயலராக இருந்த ஜி. சீனிவாசமூர்த்தியே அதன் முதல்வர். மிகப்பெரிய காரியந்தான். ஆனால் குழு திரட்டியவை எல்லாம் சாட்சியங்கள். நம்பிக்கையுள்ளவர்கள் நம்பிக்கையோடு சொன்னவை. நீதிமன்றத்தில் சாட்சியம் சான்றாகும். மருந்தின் விஷயத்தில் ஆகாது. கோமனின் அலட்சியத்துக்கும் குழுவின் மரியாதைக்கும் நடுவில் யாராவது உட்கார்ந்து ஐந்நூறு நோயாளிகளை எண்ணியிருக்க வேண்டும். அந்த எண்ணிக்கைக்கு நாம் மேலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தோம்.

எண்ணப்பட்டது ஒரு நூல். ஆம், நூற்கிற நூல்தான்.

புண்புரைக்குள் நூலைக் கோத்துக் கட்டும் முறை பழையது. கிரேக்கத்து ஹிப்பாகிரட்டிஸ் பெயரில் வழங்கும் நூல்களில், குதிரைமயிர் சுற்றிய சணல்நார்க் கயிற்றைப் பவுத்திரத்தில் கோத்து நாளுக்கு நாள் இறுக்கும் முறை உண்டு. சீனத்தில் 992-இல் தொகுத்த மருந்து நூல், சிலந்தி நூலால் மூலத்தின் அடியைச் சுற்றிக் கட்டச் சொல்கிறது. 1556-இல் வந்த இன்னொரு சீன நூல் பவுத்திரத்துக்கு நூல் தொங்கவிடும் முறையை விரிவாகத் தருகிறது. நம் பக்கத்தில் 11-ஆம் நூற்றாண்டுச் சக்கரபாணிதத்தர், கள்ளிப்பாலும் மஞ்சளும் தோய்த்த நூலைச் சொன்னார். பிறகு அந்த முறை எங்கோ மறைந்திருந்தது. 1960-களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பி. ஜே. தேஷ்பாண்டே அதை மீட்டெடுத்து ஒழுங்குபடுத்தினார். சித்த மருத்துவமனைகளில் இதைக் காரநூல் சிகிச்சை என்கிறார்கள்.

செய்முறையை நெசவாளர்கள் ரசிப்பார்கள். சணல்நார் நூலை ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டுவார்கள், பாவு கட்டுவதைப்போல. அதன்மேல் இலைக்கள்ளிப் பாலை 11 முறை பூசி, ஒவ்வொரு முறையும் உலர்த்துவார்கள். அடுத்து கள்ளிப்பாலும் நாயுருவிக் காரமும் 7 முறை. கடைசியில் கள்ளிப்பாலும் மஞ்சளும் 3 முறை. ஆக 21 பூச்சு. (யூகியின் மூலமும் 21 வகை. இதில் எந்தச் சூட்சுமமும் இல்லை, நம்மவர்களுக்கு அந்த எண் பிடிக்கும்.) இந்த நூலைப் பவுத்திரத்தின் வழியில் கோத்துக் கட்டி, வாரம் ஒருமுறை புதியதாக மாற்றுவார்கள். அறுபடுவதும் ஆறுவதும் ஒருசேர நடக்கும்.

பட்டுநூல் ஏன் கூடாது என்று தேசூரில் ஒருவர் என்னைக் கேட்டார். நல்ல கேள்வி, விடை அவர் தொழிலிலேயே இருந்தது. கச்சாப் பட்டின் பசையைப் போக்கச் சோப்பும் சோடாவும் கலந்த நீரில் வேகவைப்பார்கள். அதில் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு போய்விடும். காரம் சற்று மிஞ்சினால் பட்டே நைந்துவிடும். பட்டு விலங்குப் புரதம், காரத்தைத் தாங்காது. சணல்நார் செடியின் நார், தாங்கும். இதனால்தான் நாரைத் தேர்ந்தார்கள் என்பது என் ஊகம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் இந்தக் காரநூலைப் பல மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சையோடு ஒப்பிட்டது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள்: காரநூலுக்கு 265 பேர், அறுவைக்கு 237 பேர். 1991-இல் முடிவு வெளியாயிற்று. அறுவையில் புண் 4 வாரத்தில் ஆறியது, காரநூலில் 8 வாரம் ஆனது. ஆனால் நோய் திரும்பி வந்தது அறுவையில் 100-க்கு 11 பேருக்கு, காரநூலில் 4 பேருக்கு. பொறுமை இருந்தால் நூல் நல்லது என்று பொருள். கோமன் உயிரோடு இருந்து படித்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சான்று பவுத்திரத்துக்கு உரியது, மூலத்துக்கு அன்று. விளம்பரங்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி, ஒன்றின் வெற்றியை மற்றதற்கு எழுதிக்கொள்கின்றன.

மூலத்துக்கு என்ன கிடைத்தது? சீன மூலிகைகளால் மூல இரத்தப்போக்கு நிற்குமா என்று காக்ரேன் அமைப்பினர் 2010-இல் ஆராய்ந்தார்கள். பல ஆய்வுகளைத் தேடிச் சேர்த்து நிறுத்துப் பார்ப்பது அவர்கள் பணி. 9 ஆய்வுகள், 1822 நோயாளிகள். சில அறிகுறிகள் தணியலாம் என்றார்கள். ஆனால் ஆய்வுகளின் தரம் தாழ்ந்தது, உறுதியாகச் சொல்லப் போதாது என்று முடித்தார்கள். மாவாங்துய் பட்டுத்துணியிலிருந்து தொடங்கிய இரண்டாயிரம் ஆண்டு வழக்கம், கடைசியில் "இருக்கலாம்" என்ற ஒரு சொல்லில் வந்து நின்றது.

நம் பிரண்டையின் கதி அதைவிடத் தெளிவு. தாய்லாந்திலும் அது மூலத்துக்கான வீட்டு மருந்து. அங்கே ஐந்நூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் பிரண்டை, ஒரு பிரிவுக்கு டாஃப்லான் மாத்திரை, ஒரு பிரிவுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுத்தார்கள். 2010-இல் வெளியான முடிவு: மூன்றுக்கும் வேறுபாடில்லை. திடீரென்று வீங்கி வலிக்கும் மூலம் பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தானே வடிந்துவிடும். அந்த நாட்களில் எதைத் தின்றிருந்தாலும் அதுவே குணப்படுத்தியதாகத் தோன்றும். பிரண்டைத் துவையல் சுவையானது, விட வேண்டியதில்லை.

ஐயத்துக்கு இடமின்றி வென்றது நாட்டு மருந்துக்கடையில் மிக மலிவாகக் கிடைக்கும் சரக்கு: இசப்கோல் போன்ற நார்ப்பொருள். 7 ஆய்வுகளையும் 378 நோயாளிகளையும் தொகுத்த 2005-ஆம் ஆண்டு ஆய்வுரை, நார்ச்சத்து எடுத்தவர்களிடம் இரத்தப்போக்கு ஏறக்குறையப் பாதியானதாகக் காட்டியது. மலம் இளகினால் முக்க வேண்டியதில்லை, முக்காவிட்டால் சதை கீழிறங்காது. 1975-இல் தாம்சன் என்ற அறுவை மருத்துவர் நிறுவியது இதற்குப் பொருந்தும்: மூலம் என்பது புதிதாக முளைத்த ஒன்றல்ல, எல்லோருக்கும் பிறவியிலேயே உள்ள திண்டு போன்ற சதை இடம் நழுவுவதே. கீரையாகக் கடைந்த துத்தியும், அதை வதக்கிய விளக்கெண்ணெயும், கருணைக்கிழங்குக் குழம்பும் என்ன வேலை செய்தன என்பது இப்போது ஓரளவு விளங்குகிறது. பத்தியம் இல்லாமல் கொடுத்தது எங்கள் மருந்தல்ல என்று கோமனிடம் வைத்தியர்கள் சொன்னதும் நினைவுக்கு வருகிறது. பத்தியந்தான் மருந்தாக இருந்திருக்கலாம்.

*

சொல்லின் அகலத்துக்குத் திரும்ப வருவதாகச் சொன்னேன்.

பெரியப்பாவுக்கு இரத்தம் போகத் தொடங்கியது அவருடைய அறுபத்திரண்டாவது வயதில். யாரிடமும் சொல்லவில்லை. தறிக்காரனுக்கு மூலம் வராமல் வேறென்ன வரும் என்று அவரே தீர்மானித்துக்கொண்டார். துத்தி தின்றார். லேகியம் வாங்கினார். பேருந்து நிலையத்துக்கருகே பெயர்ப்பலகை மாட்டியிருந்த ஒருவரிடம் ஊசி போட்டுக்கொண்டார். அவர் விரல்விட்டுப் பார்க்கக்கூட இல்லை. சில மாதங்கள் நின்றது, அதை எல்லோரிடமும் மருந்தின் பெருமையாகச் சொன்னார். இரண்டாண்டு கழித்து எடை குறைந்து முகம் வெளுத்த பிறகு பெரியம்மாதான் அழுது அடம்பிடித்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். அது மூலமே அல்ல. மலக்குடலில் புற்று. கல்லீரலுக்கும் பரவியிருந்தது.

அங்கிருந்த இளம் மருத்துவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. நாற்பது வயதுக்குமேல் புதிதாக இரத்தம் போனால், அது மூலமாகவே இருந்தாலும், ஒருமுறை குழாய்விட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னார். முதலில் வந்திருந்தால் என்று நான் கேட்கத் தொடங்கியதும் தலையைத் திருப்பிக்கொண்டார்.

துத்தி அவரைக் கொல்லவில்லை. சீனத்து வேரையும் இந்தியத்துக் கள்ளியையும் பற்றி இத்தனை படித்த நான், அந்த இரண்டாண்டில் மூன்று முறை தேசூர் போயிருக்கிறேன். கிணற்றடியில் அவர் இலை பறிப்பதைப் பார்த்திருக்கிறேன். "உஷ்ணமா பெரியப்பா?" என்று கேட்டேன். "ஆமாப்பா" என்றார். அதற்குமேல் கேட்பது மரியாதையில்லை என்று நினைத்தேன்.

தறியைப் பிரித்து விற்றாகிவிட்டது. குழியை மண்போட்டு மூடிச் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். செடி இருக்கிறது. சென்ற ஆண்டு போனபோது பெரியம்மா, பக்கத்து வீட்டு மருமகனுக்கு "உஷ்ணம்" என்று துத்தியிலை கேட்டு வந்த பெண்ணுக்குக் கைநிறையப் பறித்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, அவள் படி இறங்கும் முன் கூப்பிட்டு, "இரத்தம் போகுதான்னு கேளு" என்றார்.